இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங்: எக்ஸ்டெண்டட் வாரண்டியும் ஐந்து ஜாப் கார்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியதில் எனக்கு நஷ்டமில்லை. 14,300 ரூபாய் கட்டினேன், கடைசியாக வாரண்டியில் செய்து கொடுத்த வேலைக்கு மட்டும் பில் போட்டிருந்தால் 19,000 தாண்டியிருக்கும். ஆனால் அந்த வேலையை அவர்களிடமிருந்து வாங்குவதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது, ஐந்து தடவை வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். அதனால் வாரண்டிக்கு நல்ல மார்க், அதைக் கையாண்ட சர்வீஸ் சென்டருக்கு மோசமான மார்க். டீலர் பெயரைப் போடவில்லை. எந்தக் கம்பெனி வண்டி வைத்திருப்பவருக்கும் இது நடக்கலாம், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி 2020 டிசம்பரில் எடுத்தது. 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், பிஎஸ்6. கம்பெனி வாரண்டி 3 வருஷம், அதற்கு மேல் 2 வருஷம் காசு கட்டி நீட்டியது, ஆக 2025 டிசம்பர் வரை. ஒரு சர்வீஸைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை, எல்லாம் அதே இடத்தில்தான்.

2025 பிப்ரவரியில், 47,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்து கேட்டைத் திறக்க இறங்கினேன், ஹேண்ட்பிரேக் பக்கத்துக் குழியில் போட்டிருந்த சில்லறைக் காசு கலகலவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. அந்தக் காசு அங்கே ஒரு வருஷமாகக் கிடக்கிறது, ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. ஐந்து நிமிஷம் ஓட்டியதும் சரியாகிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துக் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி ஏறினோம். இரண்டாவது கியரில் ஒரு வளைவைத் திருப்பும்போது வண்டி இழுக்கவே இல்லை, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குதித்துக் குதித்து வந்தது, டேஷ்போர்டில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. பின்சீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிஸ்ஸிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பேர் தூக்கிப் போகிற கட்டிலில் ஒருவர் மட்டும் அடிக்கடி தோளை எடுத்துவிட்டால் கட்டில் எப்படி ஆடும்? அதேதான். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் வந்து சேர்ந்த பிறகும் சரியான நேரத்தில் பற்றவில்லை என்றால் அந்தச் சுற்றில் அந்த சிலிண்டர் சும்மா இருந்துவிடுகிறது. வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடுகிற ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 400 தடவை எரிய வேண்டும், அதில் பாதி போனாலும் 200 குலுக்கல். கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிற வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும், எந்த சிலிண்டர் எரிய வேண்டிய நேரத்தில் வேகம் தட்டுகிறதோ அதன் எண்ணை கம்ப்யூட்டர் ஒரு கோடாக (code) குறித்து வைத்துக்கொள்ளும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாவது, இப்படியே 0304 வரை. பி 0300 என்றால் குறிப்பாக ஒன்று என்றில்லாமல் பல சிலிண்டர்களிலும் மாறி மாறி. இந்த நம்பரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

மலையிலிருந்தே சர்வீஸ் அட்வைசருக்கு போன் செய்தேன். "ஒண்ணும் ஆகாது சார், ஓட்டிட்டு வாங்க, திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்றார். தவறான பேச்சு. விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று அர்த்தம், மின்னி மின்னி எரிந்தால் இப்போதே பாரத்தைக் குறை, முடிந்தால் நிறுத்து என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான பகுதி அந்தச் சூட்டில் உருகிவிடலாம். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருக்கும், விலை எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எங்கள் வண்டி வாரண்டி புத்தகத்தில் அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. எனக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் பயமாக இருந்ததால் ஒரு டீக்கடை ஓரம் அரை மணி நேரம் நிறுத்தி, அப்புறம் மெதுவாகத் திருப்பிக் கீழே இறக்கினேன். அட்வைசருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அதுதான் அவர் வேலை.

முதல் தடவை கொண்டு போனபோது ஸ்கேனரை மாட்டினார்கள், கோடை அழித்தார்கள், "பெட்ரோல் குவாலிட்டி சார், இப்ப எல்லா பங்குலயும் இ20 தான்" என்று எத்தனால் கலந்த பெட்ரோலைக் காரணம் சொல்லி டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற பாகம்) கிளீனர், 1,150 ரூபாய். என்ன கோடு என்று கேட்டேன், "மிஸ்ஃபயர் கோடு" என்றார். நம்பர் ஜாப் கார்டில் (நம் புகாரையும் அவர்கள் செய்த வேலையையும் எழுதுகிற தாள்) இல்லை. மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. இரண்டாவது தடவை நாலு ஸ்பார்க் ப்ளக்கும் மாற்றினார்கள், 2,460 ரூபாய், ப்ளக் தேய்மான சாமான் என்பதால் வாரண்டியில் வராது. அது நியாயம், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது, நான் சண்டை போடவில்லை. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், ப்ளக் மாற்ற வேண்டும் என்றால் அதன் மேலே இருக்கிற, ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மார்ச் மாதம் ப்ளக் உட்கார்ந்திருக்கிற குழியை ஒரு டெக்னீஷியன் நேருக்கு நேராகப் பார்த்திருக்கிறார்.

அதற்கப்புறம் 900 ரூபாய்க்கு, வண்டி குறித்து வைத்திருக்கிற கோடைப் படித்துக் காட்டுகிற ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் சொருகி, போனில் ஒரு ஆப் போட்டால் போதும், கோடு தமிழ்நாட்டு பஸ் நம்பர் மாதிரி தெளிவாகத் தெரியும். இந்த எட்டு மாதத்தில் நான் செலவு செய்ததில் மிக நல்ல செலவு இதுதான். பி 0302. அடுத்த வாரமும் பி 0302. அதோடு கோடு விழுந்த நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது, ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, எவ்வளவு பாரம் என்று ஒரு பதிவும் உள்ளே இருக்கும். கோடை அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும். முதல் இரண்டு தடவையும் அழித்துவிட்டு "சரி பண்ணியாச்சு" என்றார்களே, அவர்கள் அழித்தது வண்டியே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை. நோயாளியின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெட்ரோல் காரணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லா சர்வீஸ் சென்டரிலும் இந்தப் பதில் ரெடியாக இருக்கிறது. ஒரே டேங்க், ஒரே பம்பு, ஒரே குழாய், அதிலிருந்துதான் நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் போகிறது. பெட்ரோல்தான் கெட்டது என்றால் நாலும் தடுமாற வேண்டும், பி 0300 வர வேண்டும். எட்டு மாதத்தில், அவினாசி ரோட்டில் இருந்து மேட்டுப்பாளையம் வரை எத்தனையோ பங்கில் போட்ட பெட்ரோலில், இரண்டாவது சிலிண்டருக்கு மட்டும் எப்படிக் கெட்ட பெட்ரோல் தேடிப் போகும்? இதைக் கேட்டபோது அட்வைசரிடம் பதில் இல்லை. நீங்களும் கேளுங்கள். பெட்ரோல்தான் காரணம் என்றால் அதை ஜாப் கார்டில் எழுதி சாம்பிள் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை போனில் ஸ்கிரீன்ஷாட்டுடன் போனேன். "அந்த மாதிரி சைனா டிவைஸ் எல்லாம் நம்பக்கூடாது சார்." இன்ஜினுக்குக் காற்று போகிற த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள், டெஸ்ட் டிரைவ் போனார்கள், குறை எதுவும் தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டெஸ்ட் டிரைவ் மதியம் இரண்டு மணிக்கு, சூடான இன்ஜினில், சமதளத்தில், ஒரு ஆளோடு. இந்தக் குறை வருவது காலைக் குளிரிலும் மலையிலும். நான் அதைப் புகாரிலேயே சொல்லியிருந்தேன், ஜாப் கார்டில் "இன்ஜின் சத்தம்" என்று எழுதியிருந்தார்கள்.

அப்புறம்தான் எங்கள் ஏரியாவில் தனியாக ஷெட் வைத்திருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பழைய மாருதி 800-லிருந்து எல்லாம் பார்ப்பவர். வண்டி ஐடிலில் நிற்கும்போது சைலன்சர் முனைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், புகை சீராக வராமல் நடுவில் விட்டு விட்டு வருவதை எனக்கும் வைத்துக் காட்டினார். காயிலைக் கழற்றவில்லை. "வாரண்டி இருக்குதுங்ளா? அப்ப நான் கை வைக்க மாட்டேனுங். நாளைக்கு வெளிய கழட்டிட்டாங்கன்னு சொல்லி உங்களத் திருப்பி விட்டுருவாங்க" என்றார். காசு வாங்காமல் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். ரெண்டாவது சிலிண்டர் காயிலைத் தூக்கி மூணாவதில் போடச் சொல்லுங்கள், மூணாவது காயிலை ரெண்டாவதில் போடச் சொல்லுங்கள், கோடு 0303-க்கு மாறினால் காயில் போச்சு, 0302-லேயே நின்றால் ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம்) என்று உள்ளே பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை, ஒரு பைசா செலவில்லை.

நாலாவது தடவை, ஜூன் மாதம், காலை எட்டரைக்கே போய் பக்கத்தில் நின்று இதைச் செய்ய வைத்தேன். உள்ளே விடமாட்டோம் என்றார்கள், சரி, கண்ணாடிக்கு வெளியே நிற்கிறேன், மாற்றிப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். கோடு 0303-க்குப் போனது. மூன்று தடவை பிடிபடாத குறை அரை மணி நேரத்தில் பிடிபட்டது. அந்த ஒரு காயிலை வாரண்டியில் மாற்றினார்கள். வண்டி புதுசு மாதிரி ஓடியது, ஏழு வாரம். ஆகஸ்டில் சாரல் விழ ஆரம்பித்ததும் மறுபடி காசு கலகலத்தது. பி 0302.

அந்த அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "புதுக் காயில் ரெண்டு மாசத்துல போகுதுன்னா காயில் தானா சாகலீங்ணா, ஏதோ ஒண்ணு அதக் கொல்லுது. ப்ளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சு ஆயில் நிக்குதான்னு பாக்கச் சொல்லுங்."

நின்றது. ஐந்தாவது தடவை இரண்டாவது காயிலைத் தூக்கியபோது அதன் அடியில் இருக்கிற ரப்பர் உறை தேனில் முக்கி எடுத்த மாதிரி ஆயிலில் பளபளத்தது, கையில் பிடித்தால் கொழகொழவென்று ஊறிப்போய், மற்ற மூன்றைவிடப் பருமனாக இருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நீளவாக்கில் மயிரிழை போல ஒரு கருப்புக் கோடு. அதுதான் மின்சாரம் ப்ளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் உலோகச் சுவருக்குத் தாவிய தடம். பேட்டரியின் 12 வோல்ட்டை காயில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது, அவ்வளவு அழுத்தத்தில் இருக்கிற மின்சாரம் எங்கே சுலபமான வழி கிடைத்தாலும் அந்த வழியில் போய்விடும், ஊறிப்போன ரப்பர் அந்த வழியைத் திறந்துவிட்டது. இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரில் ப்ளக் குழியைச் சுற்றி இருக்கிற சீல் கசிந்து, சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் ஆயில் இறங்கியிருக்கிறது. மார்ச்சில் ப்ளக் மாற்றியவர் இதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் துடைத்துவிட்டுப் போனாரா என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த நாள் போன்: காயில் வாரண்டியில் வரும், டேப்பெட் கவர் பேக்கிங்கும் சீலும் ரப்பர் சாமான், அது வராது, லேபரோடு 4,200 ஆகும், சம்மதமா என்று. இங்கேதான் நிறையப் பேர் சரி என்று சொல்லிவிடுகிறோம், எட்டு மாத அலைச்சலில் 4,200 பெரிசாகத் தெரியாது. நான் புத்தகத்தை எடுத்து விலக்குப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஃபில்டர், ப்ளக், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், பெல்ட், வைப்பர் ரப்பர், ஹோஸ், புஷ், பல்பு, பேட்டரி, டயர், எலி கடித்த வயர் எல்லாம் இருந்தது. டேப்பெட் கவர் பேக்கிங் இல்லை, ஆயில் சீலும் இல்லை. "ரப்பர் சாமான்" என்று பொதுவாக ஒரு வரியும் இல்லை. என் புத்தகத்தில் இல்லை, உங்கள் புத்தகத்தில் இருக்கலாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் வாங்கும்போதே அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

வாட்ஸ்அப்பில் சண்டை போடவில்லை. கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு ஈமெயில் எழுதினேன், டீலரின் சர்வீஸ் மேனேஜருக்கும் ஒரு காப்பி. ஐந்து ஜாப் கார்டின் தேதி, கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் என்ன செய்தார்கள், எத்தனை நாளில் அதே கோடு திரும்பியது, ஊறிய ரப்பரின் போட்டோ, விலக்குப் பட்டியல் பக்கத்தின் போட்டோ. கடைசியில் ஒரே கேள்வி: இந்தப் பேக்கிங் எந்த வரியின்படி விலக்கு, அந்த வரியைக் குறிப்பிட்டு எழுத்தில் தாருங்கள். வாரண்டி டிசம்பரில் முடிகிறது, இந்தக் குறை அதற்கு முன்பே பதிவானது என்பதையும் எழுதினேன். இது முக்கியம், தேதி தாண்டியபின் அதே குறை வந்தால் பழைய புகார் பதிவாகியிருந்தால்தான் பேச முடியும். அப்படியே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தேன். அது கோர்ட் இல்லை, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான், ஆனால் அந்தப் புகார் எண்ணை அடுத்த ஈமெயிலில் போட்டதும் பதில் வருகிற வேகம் மாறியது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்றும் முடிவு செய்து வைத்திருந்தேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அந்த அளவுக்குப் போகவில்லை.

ஒன்பதாவது நாள் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் பேசினார். இவரைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்ல வேண்டும், பெட்ரோல், இ20 என்று ஆரம்பிக்கவில்லை, ஜாப் கார்டுகளைப் படித்துவிட்டுப் பேசினார், "மூணாவது விசிட்லயே இது முடிஞ்சிருக்கணும் சார்" என்று அவரே சொன்னார். டேப்பெட் கவர் பேக்கிங், குழி சீல் நாலு, காயில் நாலு, நாலு ப்ளக், எல்லாம் வாரண்டியில். ப்ளக் வராதே என்று நானே கேட்டேன், ஆயில் பட்ட ப்ளக்கை வைத்து மூட முடியாது என்றார். கம்ப்ரஷனும் பார்க்கச் சொன்னேன், நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதை ஜாப் கார்டில் எழுதி வாங்கினேன். கன்வெர்ட்டர் பற்றிய கோடு இதுவரை வரவில்லை, மலையில் அன்றைக்கு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. முதல் தடவை ஊற்றிய கிளீனர் காசை மட்டும் திருப்பித் தரவில்லை, இரண்டு தடவை கேட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்குங்கள், ஆனால் சர்டிபிகேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சில ஷோரூமில் வண்டிக் கம்பெனியின் திட்டம் என்கிற மாதிரி பேசி வேறு ஏதோ நிறுவனத்தின் திட்டத்தை விற்கிறார்கள், அதில் உங்கள் ஈமெயிலுக்குப் பதில் சொல்ல ஏரியா மேனேஜர் இருக்கமாட்டார். எனக்கு இந்த வேலை நடந்ததே கம்பெனியின் சொந்தத் திட்டம் என்பதால்தான். புகார் கொடுக்கும்போது அட்வைசர் டைப் செய்கிற வரியை நின்று படியுங்கள். "காலையில் குளிர்ந்த இன்ஜினில் மிஸ்ஸிங், கோடு பி 0302, மூன்றாவது முறை" என்று நீங்கள் சொன்ன வார்த்தையே அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கோடை அழிப்பதற்கு முன் பிரிண்ட் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானை வாரண்டியில் அவர்கள் திருப்பிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள், சரி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் வண்டி கைக்கு வந்தது. இதுவரை 4,800 கிலோமீட்டர், கோத்தகிரி இரண்டு தடவை ஏறியாகிவிட்டது, ஒரு கோடும் இல்லை, குழியில் கிடக்கிற சில்லறை சத்தமில்லாமல் இருக்கிறது. வாரண்டி முடிந்துவிட்டதால் அடுத்த சர்வீஸ் அந்த மெக்கானிக் அண்ணன் ஷெட்டில்தான். ஆயில் மாற்றும்போது இரண்டாவது காயிலைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று இப்போதே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.